நிற்கும் தூரம்

பயணத்துக்கு முந்தின இரவில் கட்டிலின் மேல் ஒரு துண்டை விரித்து, அதில் லென்ஸ்களை வரிசையாக நிறுத்திவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பிரகாரத்தில் இடம் நெருக்கடியாக இருக்கும், வைடு வேண்டும். கோபுரத்துச் சுதைக்கு டெலி. இருட்டு மண்டபத்துக்கு ஃபிஃப்டி எம்எம். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஜூம். கேமரா பழுதானால் என்ன செய்வது என்று இன்னொரு பாடி. பை நிறைகிறது. தோளில் மாட்டிப் பார்த்தால் வார் எலும்பில் அழுந்துகிறது. ஒன்றை எடுத்து வெளியே வைக்கிறோம். விளக்கை அணைத்துப் படுத்த பிறகு எழுந்துவந்து, அதையே திரும்ப உள்ளே வைக்கிறோம்.

இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று சிரித்துத் தள்ளிவிடலாம். ஆனால் அந்த நள்ளிரவில் நாம் எடைபோட்டுக்கொண்டிருப்பது கண்ணாடியையும் உலோகத்தையும் மட்டுமா? நாளை எதிர்ப்படப்போவது என்னவென்று அறியாத மனம், அறியாத ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவியைக் காவல் வைத்துவிட்டால் அச்சம் தணியும் என்று நம்புகிறது. நம் வீட்டுப் பரணைப் பார்த்தாலே இது விளங்கும். மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி, கம்பி முறிந்த குடை, பிள்ளையின் மூன்று சக்கர சைக்கிள், எந்தப் பூட்டினுடையது என்றே மறந்துபோன சாவிக்கொத்து. எல்லாமே ‘எதற்கும் இருக்கட்டும்’ என்ற ஒரே மந்திரத்தால் அங்கே ஏற்றப்பட்டவை. பரணுக்கு அது சரிப்படும். பரண் எங்கும் நடந்து போவதில்லை.

என்னிடம் ஒரு 135 எம்எம் லென்ஸ் இருந்தது. ஆசைப்பட்டு வாங்கியது, வாங்கிய மாதம் கழிந்த பிறகு அதிகம் வெளியே எடுக்காதது. இரண்டு மழைக்காலம் பையின் அடியில் கிடந்தது. ஒருநாள் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது, உள்கண்ணாடியில் சிலந்தி இழைபோல வெள்ளையாக எதுவோ கிளைவிட்டிருந்தது. கடலோர ஊர்களில் கேமரா வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பூஞ்சையை நான் விளக்க வேண்டியதில்லை. ஈரமும் இருட்டும் அசையாத காற்றும் சேர்ந்தால் வரும். விட்டுவைத்தால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரிக்கும். பழுதுபார்ப்பவர் வளையத்தைத் திருகிப் பிரித்துக்கொண்டே, “எடுத்துப் புழங்கியிருந்தா வந்திருக்காது சார்” என்றார். குறை சொல்லும் குரலில் அவர் சொல்லவில்லை. தொழிலில் கண்டதைச் சொன்னார். எனக்குத்தான் அது நெடுநாள் காதிலேயே இருந்தது. புழங்காத பொருள் நமக்காகக் காத்துக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறோம். அதுவோ நம் பெயரில் இருட்டில் இருந்துகொண்டு, தன் போக்கில் வேறெதற்கோ இரையாகிக்கொண்டிருக்கிறது.

சின்ன கேமராவின் வரலாறே ஒருவரின் மூச்சுத் திணறலிலிருந்து தொடங்குகிறது. ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கார் பர்னாக்குக்கு ஆஸ்துமா. நடக்கப் பிரியப்பட்டவர், படம் எடுக்கவும் பிரியப்பட்டவர். அக்காலத்துத் தகட்டுக் கேமராவையும் முக்காலியையும் சுமந்துகொண்டு மேடேற அவர் நுரையீரல் இடங்கொடுக்கவில்லை. சினிமா ஃபிலிமின் 18க்கு 24 மில்லிமீட்டர் சட்டத்தை இரட்டிப்பாக்கி, 24க்கு 36 என்று அமைத்து, கோட்டுப் பையில் அடங்கும் ஒரு பெட்டியை 1914 வாக்கில் செய்து பார்த்தார். போர் குறுக்கிட்டது. 1925இல் லைப்சிக் சந்தையில் அது லைகா என்ற பெயரில் வெளிவந்தது. இன்று ‘ஃபுல் ஃப்ரேம்’ என்று முழுமைக்கே இலக்கணம்போல நாம் பெருமையாகச் சொல்லும் அளவு, அன்றைக்கு ஒரு மனிதர் தன்னால் சுமக்க முடியாததை ஒப்புக்கொண்டு இறங்கிவந்த அளவு. அந்த முதல் லைகாவில் 50 எம்எம் லென்ஸ் ஒன்றே. அதைக் கழற்றி வேறொன்றை மாட்ட முடியாது. மாற்றிக்கொள்ளும் வசதி 1930இல்தான் வந்தது. நம் நள்ளிரவுக் கவலையும் அந்த ஆண்டுதான் பிறந்திருக்க வேண்டும்.

பர்னாக்கின் கதையைக் கேட்டதும், எடையைக் குறைப்பதுதான் இதன் பொருள் என்று எண்ணத் தோன்றும். அந்த எண்ணத்தை யோசெப் சுடெக் கலைத்துவிடுகிறார். பிராக் நகரத்துக்காரர்; முதல் உலகப் போரில் வலக்கையை இழந்தவர். ஒற்றைக் கைக்காரருக்கு ஏற்றது சின்ன கேமராதானே? அவரோ பெரிய தகட்டுக் கேமராவையும் அதன் முக்காலியையும் தோளில் சாய்த்துக்கொண்டு நகரமெங்கும் நடந்தார். 1940 வாக்கில், பிராக் நாஜிகளின் பிடியில் இருந்த காலத்தில், தன் கூடத்து ஜன்னலையே எடுக்கத் தொடங்கினார். போர் முடிந்த பிறகும் விடவில்லை. பத்தாண்டுகளுக்கு மேல் எடுத்தார். வியர்த்துப்போன கண்ணாடி, அதில் வழியும் நீர், வெளியே கோணலாக வளர்ந்த ஒரு மரம், விளிம்பில் ஒரு குவளை. எடுத்ததைப் பெரிதாக்கவும் இல்லை. நெகட்டிவ் எந்த அளவோ படமும் அந்த அளவு. சுமை பெரியதுதான். அந்தச் சுமையைக் கொண்டு அவர் உலகத்திடம் கேட்டது ஒரு ஜன்னல்.

நம் பக்கத்தில் மா. கிருஷ்ணன் இருந்தார் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், காட்டுயிர்களைப் பற்றி ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியவர். வெவ்வேறு உறுப்புகளை இணைத்துத் தானே ஒரு கேமராவை அமைத்துக்கொண்டு, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று அதன் கனத்தையே கேலி செய்யும் பெயரும் வைத்தார். யானைகளையும் காட்டெருதுகளையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். வண்ணம் மலிந்த காலத்திலும் அதை விட்டு நகரவில்லை. காட்டு யானையை ஃபிஃப்டி எம்எம் தூரத்தில் போய்ச் சந்திக்கும்படி ஒருவரிடம் சொல்வதற்குக் குறைவின் தத்துவம் என்று பெயர் வைக்க முடியாது. பறவை பார்ப்பவருக்கு நீண்ட லென்ஸ் வேண்டும். கல்யாணத்துக்குப் படம் எடுப்பவர் இரண்டு பாடி கொண்டுபோகத்தான் வேண்டும். பிறருடைய முகூர்த்தம் அவருக்காகத் திரும்ப வராது. ஆகவே இரண்டா, மூன்றா என்று விரல்விட்டு எண்ணுவதில் பயனில்லை. சுடெக்கும் கிருஷ்ணனும் எதைப் பார்க்கப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்தவர்கள். பை அதற்குப் பின்னால் வந்தது. நாம் பையை நிரப்பிக்கொண்டு, பார்க்க வேண்டியது வழியில் எங்காவது தட்டுப்படும் என்று புறப்படுகிறோம்.

குறைந்த சாமானோடு படமெடுப்பது பற்றிய பேச்சுகளில் பிள்ளையார் சுழிபோல முதலில் விழும் பெயர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன். லைகாவும் 50 எம்எம் லென்ஸுமாக அவர் ஒரு நூற்றாண்டையே பெருமளவு பார்த்து முடித்தார் என்பது நாம் எல்லோரும் அறிந்தது. அவர் பெயரைச் சொல்லி ஐம்பதை வாங்கியவர்கள் ஆயிரம் பேர். அவர் அந்த லென்ஸுக்காக எவ்வளவு நடந்திருப்பார் என்று எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு.

ஏனென்றால் லென்ஸ் என்பது ஒரு தூரம். கடையில் அதைக் கண்ணாடி என்று வாங்குகிறோம். வீட்டுக்கு வந்த பிறகு அது நம்மை ஓரிடத்தில் நிறுத்துகிறது. முகத்தை எடுக்க 35 எம்எம் நம்மைக் கையெட்டும் தொலைவுக்குக் கூட்டிப்போகும். 50 இரண்டடி பின்வாங்கச் சொல்லும். 200 தெருவின் மறுபக்கத்துக்கே அனுப்பிவிடும். இதோடு இன்னொன்றையும் சேர்த்து நினைக்க வேண்டும். படம் எடுப்பவர்களே அடிக்கடி மறந்துபோவது இது. முன்னால் நிற்கும் தூணுக்கும் பின்னால் எரியும் விளக்குக்கும் இடையே எது பெரிது, எது சிறிது, எது எதை மறைக்கிறது என்ற உறவை லென்ஸ் தீர்மானிப்பதில்லை. நாம் நிற்கும் இடம் தீர்மானிக்கிறது. அந்தக் காட்சியில் எவ்வளவை வெட்டி எடுத்துக்கொள்வது என்பது மட்டுமே லென்ஸின் பொறுப்பு. நின்ற இடத்திலேயே நின்று ஜூமைத் திருகுகிறவனுக்குச் சட்டம் சுருங்கும், விரியும். பொருள்களுக்கு இடையிலான உறவு மயிரிழையும் மாறாது. அது மாற வேண்டுமென்றால் காலை எடுத்து வைக்க வேண்டும். ஒளியியல் பாடத்தின் இந்தச் சிறு விதியை வாழ்க்கையின் மற்ற இடங்களில் பொருத்திப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். எத்தனை சங்கடங்களை நாம் நின்ற இடத்திலிருந்தே பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்துவிட்டு, எல்லாக் கோணத்திலும் பார்த்தாயிற்று என்று முடிவு கட்டியிருக்கிறோம்!

ஓர் ஆடி அமாவாசையன்று ராமேசுவரத்தில் அக்னி தீர்த்தக் கரையில் இருந்தேன். கையில் 200 எம்எம். தர்ப்பணம் முடித்து, பிண்டத்தைக் கடலில் கரைத்துவிட்டு, இடுப்பளவு நீரில் ஒரு பெரியவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு நின்றார். சுற்றிலும் ஆயிரம் பேர். அவர் மட்டும் தனியே. முப்பது அடி தள்ளி நின்று எடுத்தேன். நல்ல படம். பிறகு ஒரு கண்காட்சியில் வைத்தார்கள்; பார்த்தவர்கள் எல்லோரும் எவ்வளவு நெருக்கமான படம் என்றார்கள். அந்தச் சொல்தான் என்னைக் குத்தியது. படத்தில் நான் அவர் தோளருகே நிற்பதுபோலத் தெரியும். உண்மையில் நான் இருந்ததே அவருக்குத் தெரியாது. அவர் துக்கத்துக்கு நான் பங்காளியும் இல்லை, சாட்சியும் இல்லை. தூரத்திலிருந்து கை நீட்டி எதையோ எடுத்துக்கொண்டு திரும்பியவன். ஐம்பது எம்எம் மட்டும் இருந்திருந்தால் ஏழெட்டு அடிக்குள் போயிருக்க வேண்டும். நானும் நீரில் இறங்கியிருக்க வேண்டும். அவர் என்னைப் பார்த்திருப்பார். பார்த்த பிறகு, கண்ணாலாவது கேட்டிருப்பேன், இல்லையென்றால் கேமராவைத் தாழ்த்தியிருப்பேன். இந்த இரண்டில் எது நடந்திருந்தாலும் அந்தக் காலைப்பொழுதில் நாங்கள் இருவரும் இருந்திருப்போம்.

டெலி லென்ஸ் பாவம், ஐம்பது புண்ணியம் என்று இதிலிருந்து யாரும் விதி செய்துவிட வேண்டாம். முகத்துக்கு நேரே வைடு லென்ஸை நீட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்கிறவர்களின் நெருக்கத்தையும் நான் பார்த்திருக்கிறேன். அதைவிடத் தூரம் மேல். நான் சொல்ல வருவது, தூரத்தைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டால் அதைப் பற்றி நாம் யோசிப்பதே நின்றுபோகிறது என்பதை. பையில் ஒன்று மட்டும் இருக்கும்போது ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஒரு கேள்வி வந்து நிற்கிறது: இவரிடம் இவ்வளவு அருகே போக எனக்கு என்ன உரிமை? இவ்வளவு தள்ளி நிற்க என்ன காரணம்?

எதைத் தேர்வது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரு பதில்தான் உண்டு. சந்தையைப் பார்க்க வேண்டாம். தாம் எடுத்த பழைய படங்களைப் பார்க்கட்டும். ஒவ்வொரு படத்தின் கோப்பிலும் அது எந்த எம்எம்மில் எடுக்கப்பட்டது என்று பதிந்திருக்கிறது. பரிசு வாங்கியவற்றை ஒதுக்கிவிட்டு, வருடங்கள் கழித்தும் நாம் தேடிப்போய்த் திறக்கும் படங்களின் எண்களை மட்டும் எழுதிப் பார்க்க வேண்டும். எனக்கு அவை ஏறக்குறைய எல்லாமே 35க்கும் 50க்கும் இடையில் விழுந்தன: திண்ணையில் அம்மா, கூடத்தில் பிள்ளைகள், ரயில் ஜன்னலோரம் ஒரு நண்பர். தராசில் வைத்தால் அந்த ஐம்பது 160 கிராம். ஒன்றரைக் கிலோ எடையுள்ள டெலி ஜூமை எத்தனையோ ஊர்களுக்குச் சுமந்திருக்கிறேன். அது கொண்டுவந்து தந்தவற்றை வியந்து பார்த்திருக்கிறேன், திரும்பத் திறந்ததில்லை. நாம் எந்தத் தூரத்தில் நின்று அன்பு செலுத்துகிறோம் என்பது நமக்கே தெரியாமல் எண்ணாகப் பதிந்துகிடக்கிறது. ஒரு பாடி, அந்த எண்ணை ஒட்டிய ஒரு லென்ஸ். மனம் ஒப்பவில்லையென்றால் இன்னொன்று. மூன்றாவது தேவைப்படும் நாள் வந்தால் அது தானே சொல்லும்.

இத்தனைக்குப் பிறகும் ஒன்று உறுத்தும். விட்டுவிட்டுப் போன லென்ஸுக்கான காட்சி வழியில் கட்டாயம் எதிர்ப்படும். குளக்கரைக் கம்பத்தில் மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும். ஐம்பதில் அது ஒரு நீலப் புள்ளி. அப்போது நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் சில மாதங்கள் வயிறு எரியும். எடுத்துவந்திருக்கலாமே என்ற எண்ணத்தில் அந்தப் பறவையையே பார்க்கத் தவறுவோம். பிறகு ஒருநாள், எடுக்க வழியே இல்லை என்று தீர்ந்துபோன நிம்மதியில், வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்போம். அது நீரில் விழுந்து எழுந்து, மீனைக் கம்பத்தில் இரண்டு முறை அடித்து, தலைப்பக்கமாக விழுங்குவதை முழுவதும் பார்ப்போம். அந்தக் காட்சியை யாருக்கும் காட்ட முடியாது. அது நடந்ததற்கு நாம் மட்டுமே ஆதாரம். சுமையைக் குறைப்பதைச் சிக்கனம் என்றும் எளிமை என்றும் சொல்கிறோம். இழக்கப் போவதை முன்கூட்டியே பார்த்து, சரி என்று அதற்குத் தலையசைத்துவிட்டு வாசற்படி இறங்குவது என்றால் இன்னும் பொருந்தும். சம்மதித்த இழப்புக்கும் திருட்டுப்போன இழப்புக்கும் கணக்குப் புத்தகத்தில் வேறுபாடு கிடையாது. மனத்தில் மலையளவு உண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டியிருக்கிறது. சிகாகோவில் பிள்ளை வளர்க்கும் வேலை பார்த்த விவியன் மாயர் பல பத்தாண்டுகள் கழுத்தில் ஒரு ரோலிஃபிளெக்ஸைத் தொங்கவிட்டுக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். லென்ஸ் மாற்ற வழியில்லாத கேமரா. சுருளுக்குப் பன்னிரண்டு படம். இதைவிடக் குறைந்த சாமான் உண்டா? ஆனால் வாடகை கட்டப்படாத அவரது கிடங்குப் பெட்டிகள் 2007இல் ஏலத்துக்குப் போனபோது, அவற்றிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள் வெளிவரத் தொடங்கின. கழுவப்படாத ஃபிலிம் சுருள்கள் குவியலாகக் கிடந்தன. 2009இல் அவர் இறந்தார். தம் படங்கள் பலவற்றைத் தாமே பார்க்காமல் போனார். அவர் படங்களை வியக்காத நாளில்லை எனக்கு. ஆனாலும் அந்தச் சுருள்களை நினைக்கும்போது, பற்று என்பது பைக்குள் மட்டும் குடியிருப்பதில்லை என்று தெரிகிறது. தோளிலிருந்து இறக்கிவிட்டால் அது கிடங்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். நம் காலத்தில் அது ஹார்டு டிஸ்க்கில் உட்கார்ந்திருக்கிறது. ஒரே லென்ஸோடு போய் ஒரே நாளில் இரண்டாயிரம் படம் எடுத்துவந்து, எதையும் திறந்து பார்க்காமல் அடுத்த ஊருக்குக் கிளம்புகிறவர் குறைந்த சாமான்காரர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டால், நாம் புன்னகைக்கலாம்.

நாகஸ்வரத்தில் விரல் வைக்கும் துளைகள் ஏழு. சுரங்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய ஒலிகளுக்கென்று தனித் துளை கிடையாது. மூச்சை அடக்கியும் விட்டும், விரலைப் பாதி மூடியும் கால் திறந்தும் அவற்றை வரவழைக்க வேண்டும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடியை விரித்த விரிவெல்லாம் அந்த ஏழுக்குள் நடந்தது. துளையைக் கூட்டியிருந்தால் விரலுக்கு வேலை எளிதாகியிருக்கும். மூச்சுக்கு வேலையில்லாமல் போயிருக்கும். வள்ளுவர் ஏழு சீருக்கு மேல் ஓரிடத்தில்கூடக் கேட்டு வாங்கவில்லை. ஒரு வடிவம் தன் எல்லையைச் சொல்லிவிட்ட பிறகுதான் அதற்குள் இருப்பவனுக்கு ஆழம் என்ற திசை ஒன்று இருப்பதே தெரியவருகிறது. அதுவரை அவனுக்கு அகலம் மட்டுமே தெரியும்.

இன்னும் ஒரு படி மேலே ஏறிப் பார்க்கலாம். கண் இரண்டு, அவை ஒரே நேரத்தில் ஒரு பக்கம்தான் திரும்பும். உடல் ஒன்று, அது ஓரிடத்தில் இருக்கும்போது மற்ற எல்லா இடங்களிலும் இல்லாமல் இருக்கிறது. ஒரு தாய்க்குப் பிறந்து, ஒரு மொழியில் வாய்திறந்து, எண்ணிக்கைக்கு அடங்கிய சில முகங்களோடு பழகி, அவர்களில் சிலருக்கு மட்டும் நெருங்கிவர அனுமதி கொடுத்து, மற்ற எத்தனையோ வாழ்க்கைகளை வாழாமலே விட்டுவிட்டுப் போகப்போகிற நமக்கு, எல்லாவற்றுக்கும் ஆயத்தமான பை ஒன்றைச் சுமப்பதில் ஏற்படும் ஆறுதல், இந்த ஒற்றைத்தன்மையை ஒருநாளாவது மறந்திருக்கலாம் என்ற ஆறுதல்தானோ என்று தோன்றுகிறது. எதையும் விட்டுக்கொடுக்காமல் இருக்க விரும்புகிறவன் உண்மையில் எங்கும் நிற்காமல் இருக்க விரும்புகிறான். ஏனெனில் நிற்பது என்றாலே மற்ற இடங்களை விட்டுக்கொடுப்பதுதான், பார்ப்பது என்றாலே பார்க்காததற்கு முதுகு காட்டுவதுதான், ஒருவரை நேசிப்பது என்றாலே அந்த நேரத்தை வேறொருவருக்குக் கொடுக்க முடியாமல் போவதுதான். இவற்றையெல்லாம் நாம் மறுத்தாலும் அவை நடந்துகொண்டுதான் இருக்கின்றன. சம்மதம் மட்டும் நம்மிடம் கேட்கப்படுகிறது. பெரிய விஷயங்களில் அதைக் கொடுக்க நமக்குத் துணிவு வருவதில்லை. லென்ஸைப் போன்ற சின்னப் பொருளில் கொடுத்துப் பழகலாமே என்பது என் எண்ணம்.

சென்ற தை மாதம் தஞ்சாவூருக்குப் போனபோது ஐம்பதை மட்டும் மாட்டிக்கொண்டு போனேன். அங்கே பெரிய கோயிலில் எனக்கு முன்னால் கேமராவோடு நடந்தவர்களில் ஒருவர் லின்னேயஸ் ட்ரைப்; சென்னை மாகாண அரசின் படப்பிடிப்பாளராக இருந்த ராணுவ அதிகாரி. விமானத்தின் அடித்தளத்தில் வரி வரியாக ஓடும் கல்வெட்டு எந்த லென்ஸுக்கும் ஒரே பார்வையில் அடங்காது. 1858இல் அவர் அதைத் துண்டு துண்டாக எடுத்தார். கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்த 21 படங்களை ஒட்டியபோது அது ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு வந்தது. அந்தச் சுவரை ஒட்டி நடக்கும்போது, அவர் முக்காலியைத் தூக்கித் தூக்கி வைத்த ஒவ்வோர் இடமும் காலில் தட்டுப்படும் என்பதுபோல நான் தரையைப் பார்த்துக்கொண்டே போனேன்.

விமானத்தை முழுதாக எடுக்கும் ஆசையும் இருந்தது. 216 அடி என்று சொல்கிறார்கள். கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்தாலும் ஐம்பதில் அது அடங்க ஏறத்தாழ 300 அடி பின்வாங்க வேண்டும். கண்ணைச் சட்டத்திலிருந்து எடுக்காமல் பின்னாலேயே நடந்தேன். கலசம் வெட்டுப்படுகிறது, இன்னும் பத்தடி. மதிலோரம் ஒரு மண்டபம் குறுக்கே வருகிறது, கொஞ்சம் இடப்பக்கம். இன்னும் பத்தடி.

“பின்னாடி பாத்து வாங்க தம்பி, சோத்துல காலை வச்சிறாதீங்க.”

திரும்பிப் பார்த்தேன். புல்தரையில் ஜமுக்காளம் விரித்து ஒரு குடும்பம். எவர்சில்வர் தூக்கு, இலையில் புளியோதரை, வறுத்த அப்பளம், தண்ணீர்ப் பாட்டில்களுக்கு நடுவே தூங்கும் ஒரு கைக்குழந்தை. குரல் கொடுத்த அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கேமராவைப் பார்த்தார், விமானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“முழுசா விழணுமா? இங்கேருந்து பாத்தாத்தான் விழும். நாங்க எப்ப வந்தாலும் இங்கேதான் உக்காருவோம்.”

பிறகு பேரனின் முதுகில் தட்டி, தூக்கை அந்தப் பக்கம் நகர்த்தச் சொல்லி, ஜமுக்காளத்தில் எனக்கு ஒரு ஓரம் ஒதுக்கிக் கொடுத்தார்.